கம்ப்யூட்டருக்கு வந்த மழைக்கால ஜுரம்

எனக்குக் கோபம் வந்தால் முதலில் காது சூடாகும், அப்புறம் கன்னம், அப்புறம் வாய். வாய் சூடான பிறகு என்ன பேசுவேன் என்று எனக்கே தெரியாது. வீட்டில் இதற்கு யாரும் வைத்தியம் பார்க்கவில்லை. "அவ அப்பிடித்தான்" என்று விட்டுவிட்டார்கள். எண்பதுகளின் கடைசியில் உத்திரமேரூரில் ஒரு ரைஸ்மில்லில் எனக்கு வேலை கிடைத்தது. அங்கே ஒரு கம்ப்யூட்டர் இருந்தது. அதுவும் என்னைப் போலத்தான், உள்ளுக்குள் சூடு ஏறிவிட்டால் தாங்காது. ஆனால் ஒரு வார்த்தை பேசாமல் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்துவிடும். அந்தக் குணம் எனக்கு வாய்க்கவில்லையே என்று அதன்மேல் இன்றுவரை எனக்குப் பொறாமை உண்டு.

மில்லுக்கு அது வந்ததற்குக் காரணம் முதலாளியின் மருமகன். மெட்ராஸில் பெரிய வேலையில் இருந்தவர். தலைதீபாவளிக்கு வந்து பலகாரம் சாப்பிட்டுக்கொண்டே, "இனிமே எல்லாம் கம்ப்யூட்டர்தான் மாமா" என்று ஒரு வார்த்தை போட்டுவிட்டுப் போனார். மருமகன் வாயிலிருந்து வந்த வார்த்தையாயிற்றே! அடுத்த பங்குனியில் ஒரு வேனில் அட்டைப்பெட்டி அட்டைப்பெட்டியாக வந்து இறங்கியது. முதலாளி அதற்கு மாலை போட்டு, கற்பூரம் காட்டி, தேங்காயை அதன் தலையிலேயே உடைக்கப் போனாராம். வேனோடு வந்த ஆள் குறுக்கே பாய்ந்து தடுத்திருக்காவிட்டால் இந்தக் கதை அன்றைக்கே முடிந்திருக்கும்.

மெஷின் வந்த பிறகுதான் அதை ஓட்ட ஆள் வேண்டும் என்ற நினைப்பு அவருக்கு வந்தது. எங்கள் நைனா திருப்புலிவனத்தில் பயிர் வைத்து, நெல்லை அந்த மில்லுக்குத்தான் போடுவார். நான் காஞ்சிபுரத்துக்குப் பஸ்ஸில் போய் டைப்பும் கம்ப்யூட்டரும் படித்துவிட்டு, வீட்டில் காயப்போட்ட நெல்லுக்குக் கோழி விரட்டிக்கொண்டிருந்தேன். "எம் பொண்ணு அத்த படிச்சிகீதுங்க" என்று நைனா பெருமைக்குச் சொல்ல, "அப்ப நாளைக்கே வரச் சொல்லு" என்று முதலாளி பிடித்துக்கொண்டார். மகளை வேலைக்கு அனுப்பும் உத்தேசமே நைனாவுக்கு இருந்ததில்லை. நெல் போடும் இடத்தில் மாட்டேன் என்று சொல்லவும் முடியவில்லை. வீட்டுக்கு வந்து என்னிடம் ஒரு நிபந்தனை போட்டார்.

"மெஷின் இருக்கிற வரிக்கும் போய்ட்டு வா. மெஷின் பூட்ச்சின்னா நீயும் வூட்டோட வந்துடணும். அப்பால மாப்ள பாக்க வேண்டியதுதான்."

நான் சரி என்று தலையாட்டினேன். மெஷின் எங்கே போகப்போகிறது என்ற தைரியம். போன முதல் வாரத்திலேயே எனக்கு அதைப் பிடித்துப்போனது. கறுப்புத் திரையில் பச்சைப் பச்சையாக எழுத்து வரும். நான் சொன்னதைச் சொன்னபடி கேட்ட முதல் ஜீவன் அதுதான். எங்கள் வீட்டில் கோழிகூட நான் சொல்லிக் கேட்டதில்லை.

ஆபீஸ் என்பது மில் கொட்டகையின் ஓரத்தில் பிளைவுட் வைத்து அடைத்த ஓர் அறை. ஒரு பக்கம் நானும் மெஷினும். எதிர்ப்பக்கம் கணக்கர். மீசை கறுப்பாக இருந்த காலத்திலிருந்து அந்த மில்லில் இருக்கிறவர், நல்ல மனிதர். ஒரே ஒரு குறை, தனக்கு எப்போதும் ஜுரம் இருக்கிறது என்று நம்புவார். சட்டைப்பையில் இரண்டு பேனாவுக்கு நடுவில் ஒரு தெர்மாமீட்டர் செருகியிருப்பார். தினமும் சாப்பிட்ட கையோடு அதை எடுத்து, மணிக்கட்டைச் சொடுக்கி ஓர் உதறு உதறி, வாயில் வைத்துக்கொள்வார். எடுத்துப் பார்த்துவிட்டு, "தொண்ணூத்தெட்டுதான் காட்டுது. ஆனா உள்ஜுரம் கீது" என்பார். மறுபடியும் ஓர் உதறு உதறிப் பைக்குள் செருகுவார். கம்ப்யூட்டரை அவர் எதிரியாக நினைக்கவில்லை. தனக்கு ஒத்தாசைக்கு வந்த, கொஞ்சம் உடம்புக்கு முடியாத பையனாகத்தான் நினைத்தார்.

முதலாளி நெட்டையான, ஒல்லியான ஆள். பேச்சு பெரிசு, உடம்பில் சூடு கம்மி. புரட்டாசி கடைசியில் ஒரு மெரூன் நிறக் கம்பளி மப்ளரை எடுத்துத் தலையைச் சுற்றிக் கட்டினார் என்றால், மாசி பிறந்தால்தான் அவிழ்ப்பார். மழைக்காலத்தில் அவருடைய காதைப் பார்த்தவர்கள் மில்லில் யாரும் கிடையாது. களத்தில் காயும் நெல்லுக்குத் தார்ப்பாய் மூட, மழையில் தானே முதலில் ஓடுவார். ஓடி நனைந்துவிட்டு வந்து, எல்லாரையும் திட்டுவார்.

மெஷின் விஷயத்தில் அவர் இரண்டு சட்டம் போட்டிருந்தார். ஒன்று, காலையில் போட்டால் சாயங்காலம்வரை அதை நிறுத்தக் கூடாது. "ஓடிக்கினு இருந்தாத்தான் மில்லு. நின்னா கொட்டாய்" என்பார். சாப்பிடப் போகும்போது நிறுத்தட்டுமா என்று ஒருநாள் கேட்டதற்கு என்னை ஏதோ நெல்லைத் திருடியவளைப் போலப் பார்த்தார். இரண்டாவது சட்டம், அதன்மேல் யாரும் எதையும் வைக்கக் கூடாது. கணக்கர் ஒருமுறை வெற்றிலைப் பெட்டியை அதன்மேல் வைத்துவிட்டார். அன்றைக்கு முதலாளி போட்ட சத்தத்தில் லாரி டிரைவர்கள் எட்டிப் பார்த்தார்கள். மறுநாளே சாக்பீஸால் பிளைவுட்டில், "இதன் மேல் எதையும் வைக்காதே" என்று பெரிதாகத் தன் கையாலேயே எழுதிவைத்தார்.

சித்திரை வெயிலில், ரோட்டுத் தார் செருப்பில் ஒட்டிக்கொள்ளும் நாளில்கூட, மெஷின் ஒரு முனகல் இல்லாமல் ஓடியது. ஐப்பசி மழை பிடித்து, ஏரி நிரம்பி உபரித் தண்ணீர் கலங்கலில் வழிய ஆரம்பித்த பிறகுதான் வினை வந்தது. பின்கொட்டகையில் மில் பெண்களோடு சாப்பிட்டுவிட்டு வந்துகொண்டிருந்தேன். ஆபீஸ் வாசலில் முதலாளி இடுப்பில் கைவைத்து நின்றிருந்தார்.

"இன்னாம்மா பண்ணி வச்சே? கண்ண மூடிக்கினு கீது!"

ஓடிப்போய்ப் பார்த்தேன். திரை இருண்டு கிடந்தது. சுவிட்சைப் போட்டேன், வரவில்லை. ஸ்டெபிலைசர் முள் சரியாகத்தான் நின்றது. காலையிலிருந்து அடித்ததெல்லாம் போய்விட்டது. பிளாப்பியில் அவ்வப்போது போட்டுவைக்க வேண்டும் என்பதை அன்றைக்குத்தான் என் தலை கற்றுக்கொண்டது. டீ வந்து, குடித்து, கிளாஸ் திரும்பிப்போன பிறகு, சும்மா சுவிட்சைத் தட்டினேன். ஒன்றும் நடக்காததுபோல மெஷின் எழுந்துகொண்டது.

அதற்கப்புறம் அது அடிக்கடி படுத்தது. எப்போதும் சாப்பாட்டு நேரத்தில்தான். எப்போதும் முதலாளிதான் முதலில் பார்த்துவிட்டுக் கூப்பாடு போடுவார். நான் வாயில் சோற்றோடு ஓடிவருவேன். கரண்ட்டு சரியில்லை என்றார் முதலாளி. கண் பட்டுவிட்டது என்று மில் பெண்கள் எலுமிச்சம்பழமும் மிளகாயும் கட்டித் தொங்கவிட்டார்கள். கணக்கர் மட்டும் தீர்மானமாகச் சொன்னார்.

"அதுக்கு ஜுரம்மா. மளக்காலத்துல எல்லாருக்கும் வருது. அதுக்கு வரக்கூடாதா?"

எல்லாரும் சிரித்தோம். நான்தான் அதிகமாகச் சிரித்தேன்.

மெட்ராஸிலிருந்து இன்ஜினியர் வந்தார். என்னைவிட நாலைந்து வயது பெரியவராக இருந்தால் அதிகம். என்னை "மேடம்" என்று கூப்பிட்ட முதல் மனிதர். அவர் வந்த அன்று மெஷின் சமர்த்தாக ஓடியது. டாக்டர் வீட்டு வாசலை மிதித்ததும் ஜுரம் விட்டுப்போகும் குழந்தையைப் போல. திறந்து பார்த்தார், மூடினார், மதியம் முழுக்க எதிரே உட்கார்ந்து பார்த்தார். முதலாளியும் மரியாதைக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். ஒன்றும் ஆகவில்லை. அவர் பஸ் ஏறிய மறுநாளே மெஷின் நின்றது. மறுபடியும் வந்தார், மறுபடியும் அது சமர்த்தாக ஓடியது. எனக்குக் காது சூடாகி, "நடிக்குது சார் இது" என்று சொல்லிவிட்டேன்.

அவர் சிரிக்கவில்லை. "மேடம், மெஷின் தானா நின்னா அதுக்கு ஒரு காரணம் இருக்கும். ஆனா நான் பஸ் பிடிச்சு வர்ற வரைக்கும் அந்தக் காரணம் இங்கயே உட்கார்ந்திருக்காது. அது எழுந்து போறதுக்குள்ள நீங்க பிடிச்சு வைக்கணும். நின்ன உடனே எதையும் மாத்தாதீங்க. சுத்தி என்ன இருந்துது, மழையா வெயிலா, எல்லாத்தையும் குறிச்சு வைங்க."

"என்னவா இருக்கும் சார்?"

"சூடா இருக்கலாம். உள்ள ரொம்பச் சூடாச்சுன்னா, கெட்டுப்போகாம இருக்கத் தன்னைத்தானே நிறுத்திக்கும். ஆறினதும் ஓடும். ஆனா, சித்திரையில வராத சூடு இந்தக் குளிர்ல எப்படி வரும்? நான் சூடுன்னு எழுதினா எங்க ஆபீஸ்ல சிரிப்பாங்க. சாட்சி வேணும்."

முதலாளி நடுவில் புகுந்தார். "நம்மூரு கோயில் செவுத்துல எந்தக் காலத்துலயோ எலெக்‌ஷன் நடந்ததயே வெட்டி வச்சிகீறாங்க. இத்த எளுதி வைக்கிறது ஒரு வேலயா? எளுதும்மா." பிறகு இன்ஜினியரை வாசல்வரை கொண்டுபோய் விட்டுவிட்டு வந்து, குரலை இறக்கி என்னிடம் சொன்னார். "இன்னொரு வாட்டி அந்தத் தம்பி வந்து ஒண்ணுமில்லன்னு சொல்லட்டும், அவன் கையிலயே குடுத்து அனுப்பிடறேன். இந்தப் பேஜாரு நமக்கு எதுக்கு?"

அன்று சாயங்காலம் இதை வீட்டில் சொல்லியிருக்கக் கூடாது. சொல்லிவிட்டேன். நைனா முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. மறைக்கத்தான் பார்த்தார், முடியவில்லை. "போனா போவுது வுடு பாப்பா" என்று எனக்கு ஆறுதல் சொல்லிக்கொண்டே, அம்மாவைப் பார்த்து, செய்யாறு பக்கம் யாரோ ஒரு பையனைப் பற்றி விசாரிக்கச் சொன்னார். எனக்கு அழுகையும் வந்தது, கோபமும் வந்தது. அந்தப் பையன்மேல் எனக்கு ஒன்றுமில்லை. ஆனால் ஒரு மெஷின் காரணம் தெரியாமல் நின்றுபோவதற்காக நான் ஏன் செய்யாறு போக வேண்டும்?

மறுநாளிலிருந்து போலீஸ்காரி ஆனேன். பழைய காலண்டர் தாளின் பின்பக்கத்தில் மெஷின் நின்றபோதெல்லாம் குறித்தேன். மழை. மத்தியானம். கரண்ட் இருந்தது. மழை. மத்தியானம். கரண்ட் இருந்தது. இதை வைத்துக்கொண்டு இன்ஜினியர் என்ன செய்வார்? மழை பெய்தால் மெஷின் சாகும் என்று எழுதுவாரா? சூடுதான் என்றால் அந்தச் சூடு ஆறுவதற்குள் அதைப் பிடித்துவைக்க வேண்டும். யோசித்துக்கொண்டே நிமிர்ந்தால், எதிரே கணக்கர் வாயில் தெர்மாமீட்டரோடு உட்கார்ந்திருந்தார்.

நான் எழுந்தே நின்றுவிட்டேன். தெர்மாமீட்டர் ஏறினால் ஏறினதுதானே! உதறினால்தானே இறங்கும். இதைவிட நல்ல சாட்சி உண்டா?

"அண்ணே, அத்த மத்தியானத்துக்கு மட்டும் மெஷினுக்குக் குடுங்களேன்."

"நான்தான் அப்பவே சொன்னனே ஜுரம்னு" என்று பெருமையாகத் துடைத்துக் கொடுத்தார். மெஷினின் பின்பக்கம் விசிறி சுற்றும் இடத்தில் கம்பித் துளைகள் இருக்கும். உள்ளே இருக்கும் சூட்டை அந்த வழியாகத்தான் அது வெளியே ஊதித்தள்ளும். அங்கே ஒரு நூலால் தெர்மாமீட்டரைக் கட்டித் தொங்கவிட்டுவிட்டுச் சாப்பிடப் போனேன்.

"தே பாரும்மா, மறுபடியும் பூட்ச்சி!" முதலாளியின் குரல் கேட்டது. அந்தக் குரலைக் கேட்டு நான் சந்தோஷப்பட்டது அன்றைக்குத்தான். கை கழுவாமல் ஓடினேன். பின்பக்கம் போய்ப் பார்த்தால் நூல் மட்டும் தொங்கிக்கொண்டிருந்தது. திரும்பினேன். கணக்கர் சாப்பிட்டுவிட்டு வந்து, வழக்கம்போலத் தெர்மாமீட்டரை வாயில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"அண்ணே! எவ்ளோ காட்டிச்சி?"

வாயிலிருந்து எடுத்துவிட்டு நிதானமாகச் சொன்னார். "கடைசி கோட்டயும் தாண்டி நின்னுக்கினு இருந்துச்சி. மனுசனுக்கு அந்த ஜுரம் வந்தா பாடைதான்."

"அப்பிடியே வச்சிகீறீங்களா?"

"அதெப்பிடி வாயில வைக்கிறது? ஒதறிட்டேன்."

என் காது, கன்னம், வாய் எல்லாம் ஒன்றாகச் சூடாயின. நான் பேசியதை இங்கே எழுத முடியாது. வயதில் பெரியவர், பாவம், தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டார். "ஒதறாம எடுத்துப் பழக்கமில்லம்மா" என்றார். இன்ஜினியரிடம் வேண்டுமானால் தானே சாட்சி சொல்வதாகச் சொன்னார். தனக்கே உள்ஜுரம் என்று சொல்லும் மனிதரின் சாட்சியை எந்த இன்ஜினியர் எடுத்துக்கொள்வார்? அவர் உதறியது பழக்கத்தினாலா, வேறு எதையோ பார்த்துவிட்டு முதலாளி மேல் இருந்த விசுவாசத்தினாலா என்ற சந்தேகம் எனக்கு இன்னும் இருக்கிறது.

இன்ஜினியருக்கு முதலாளி போன் போட்டுவிட்டார். நாளை மறுநாள் வருகிறார், அதுதான் கடைசி. உதறினால் போகாத சாட்சி ஒன்று வேண்டும் என்று மண்டையை உடைத்துக்கொண்டேன். அன்றைக்குக் கரண்ட் போய், கணக்கர் அலமாரியிலிருந்து மெழுகுவத்தியை எடுத்தார். அது நடுவில் கோணிக்கொண்டிருந்தது. "சித்திரையில வாங்கினது. கடையிலயே வளஞ்சிடுச்சி" என்றார். சித்திரையில் வளைந்த வத்தி, ஐப்பசி கார்த்திகை ஆகியும் வளைந்தபடியே இருந்தது. எனக்கு அது போதும்.

மறுநாள் காலையில் சுண்டுவிரல் பருமனுக்கு ஒரு மெழுகுத் துண்டை நறுக்கி, அடியைச் சுட்டு, மெஷினின் பின்பக்கம் விசிறித் துளைகளுக்கு மேலே இருந்த விளிம்பில் நட்டமாக ஒட்டவைத்தேன். கணக்கர் வாயில் வைத்துக்கொள்ளக்கூடிய பொருள் அல்ல என்பதில் எனக்கு நிம்மதி. வெளியே மழை கொட்டியது. முதலாளி களத்துக்கு ஓடினார், தார்ப்பாய் இழுத்தார், திட்டினார். நான் சாப்பிடப் போனேன்.

மறுபடியும் அதே கூப்பாடு. போனேன். முதலாளி மப்ளரை இறுக்கிக் கட்டிக்கொண்டே, "நாளைக்கி அந்தத் தம்பி வந்தா ஏத்தி அனுப்பிட வேண்டியதுதான்" என்று சொல்லிவிட்டு வெளியே போனார். நான் பின்பக்கம் குனிந்தேன்.

மெழுகு உருகிப் படிந்து, அடைபோல் தட்டையாகக் கிடந்தது. சூடுதான்! கையைத் தட்டப்போனேன். அப்போதுதான் அதன் மேல்புறத்தைப் பார்த்தேன். மேலே எதையோ வைத்து அழுத்தியதுபோல, பின்னல் பின்னலாக ஓர் அச்சு. அந்த அச்சுக்குள் நாலைந்து நூல் சிலும்பிக்கொண்டு ஒட்டியிருந்தது. மெரூன் நிறக் கம்பளி நூல்.

குனிந்தபடியே ஒவ்வொன்றாகக் கூட்டிப் பார்த்தேன். மழையில் நனைந்த மப்ளர். நான் இல்லாத சாப்பாட்டு நேரம். பின்பக்கம் வெதுவெதுவென்று வரும் காற்று. நெல் ஆவிபோல ஒரு வாசனையோடு வரும் அந்தக் காற்றில் நானும் காலை நேரத்தில் விரலைக் காட்டிக் குளிர் காய்ந்திருக்கிறேன். இவர் மப்ளரையே போர்த்திக் காயவைத்திருக்கிறார். மெஷினின் மூக்கையும் வாயையும் பொத்தி வைத்துவிட்டு, அது மயங்கி விழுந்ததும் மப்ளரை எடுத்துக் கட்டிக்கொண்டு, "இன்னாம்மா பண்ணி வச்சே" என்று என்னைக் கேட்டிருக்கிறார்! "எதையும் வைக்காதே" என்று சாக்பீஸால் எழுதிவைத்த அதே மனிதர்!

காது கொதித்தது. ஆனால் அன்றைக்கு வாய்வரை வரவில்லை, நடுவில் பயம் வந்து தடுத்துவிட்டது. இந்த மெழுகைக் காட்டினால் மெஷின் பிழைக்கும், முதலாளியின் மானம் போகும். மானம் போன முதலாளி என்னை வேலையில் வைத்துக்கொள்வாரா? சுரண்டி எறிந்துவிட்டால் அவர் மானம் பிழைக்கும், மெஷின் வேனில் ஏறும், நான் செய்யாறு பஸ்ஸில் ஏறுவேன். எதையும் மாற்றாதீர்கள் என்று இன்ஜினியர் சொன்னது ஞாபகம் வந்தது. மெழுகை அப்படியே விட்டேன். யார் கண்ணிலும் படாதபடி மெஷினின் முதுகைச் சுவர்ப்பக்கம் ஒட்டித் தள்ளிவைத்துவிட்டு வீட்டுக்குப் போனேன்.

"நாளைக்கித்தானே முடிவு? மளயா கீது, நானே வந்து இட்டுக்கினு வரேன்" என்றார் நைனா. குடையை எடுத்து அப்போதே கதவோரம் சாத்திவைத்தார்.

மறுநாள் இன்ஜினியர் வந்ததும் மெஷினைத் திருப்பி, முதுகு வாசலைப் பார்க்கும்படி வைத்தேன். ஓடவிட்டேன். அவர் குந்தி உட்கார்ந்து டார்ச் அடித்தார். முதலாளி ஒரு பக்கம், கணக்கர் ஒரு பக்கம்.

"மேடம், இது என்ன?"

"மெழுகுவத்தி சார். நேத்து காலைல நட்டமா நின்னுச்சி. மெஷின் நின்னப்ப பாத்தா இப்பிடி."

அவர் முகம் மலர்ந்துவிட்டது. "சூடு! எவ்வளவு சூடானா மெழுகு இப்படிப் படியும்! பிரமாதம் மேடம்." சுரண்டி எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். அப்புறம் புருவம் சுருங்கியது. "இதுல ஏதோ ஒட்டியிருக்கே. கம்பளி மாதிரி... இங்க யார்கிட்ட கம்பளி இருக்கு?"

கணக்கர் பையிலிருந்து தெர்மாமீட்டரை எடுத்து, உதறக்கூட உதறாமல், அவசரமாக வாயில் வைத்துக்கொண்டார். இனி அவர் பதில் சொல்ல வேண்டியதில்லை. நான் முதலாளியைப் பார்த்தேன். அவருடைய கை தானாக மப்ளர் முனைக்குப் போயிருந்தது. அங்கே வெள்ளையாக ஒரு மெழுகுத் திட்டு. அதை விரலால் தடவிப் பார்த்தார். அவருக்கும் அந்த நொடியில்தான் விளங்கியது என்பது முகத்தில் தெரிந்தது. மழைக்காலம் முழுக்க வாங்கிய திட்டுக்கெல்லாம் பதில் சொல்ல எனக்கு நல்ல சமயம் அது. ஆனால் அந்த முகத்தைப் பார்த்ததும் எனக்குப் பாவமாக இருந்தது. காது ஆறிவிட்டது.

"காரணம் குளிருன்னு எழுதிக்குங்க சார்" என்றேன்.

"மெஷின் சூடானதுக்குக் குளிரா காரணம்?"

"ஆமாம் சார். குளிரு தாங்காத ஒண்ணு, சூடான எடமாப் பாத்துப் படுத்துகீது. காத்து போற வழி அடைஞ்சிடுச்சி. இனிமே படுக்காது."

இன்ஜினியர் யோசித்தார். "பூனையா?" மெழுகை மறுபடியும் வெளிச்சத்தில் திருப்பினார். "மெரூன் கலர்லயா?"

கணக்கருக்குப் புரையேறிவிட்டது. தெர்மாமீட்டரைக் கையில் பிடித்துக்கொண்டு கண்ணில் தண்ணீர் வர இருமினார். அது இருமல் இல்லை என்பது எல்லாருக்கும் தெரியும். முதலாளி அவரை ஒரு முறை முறைத்தார். பிறகு மெல்ல, சுற்றுச் சுற்றாக, தலையிலிருந்து மப்ளரை அவிழ்த்தார். கார்த்திகை மாதத்தில் அந்தக் காதுகளை நாங்கள் அன்றைக்குத்தான் பார்த்தோம். சின்னக் காதுகள்.

"பூனையில்லப்பா. நான்தான்" என்றார். "வூட்ல அடுப்பாண்ட காய வச்சா பொக நாத்தம் அடிக்குது. இது பின்னால வர காத்து, பசு மூச்சு வுட்றாப்பல கீது. அது காத்து வுடுது, நாம காய வச்சிக்கலாம்னுதான் நெனச்சேன். அதும் மூச்சயே பொத்தறேன்னு எனக்கின்னா தெரியும்?" என்னைப் பார்க்காமல், பிளைவுட்டில் தன் கையெழுத்தைப் பார்த்தார். "உன்னியத்தான் ரொம்பத் திட்டிட்டேன்."

நான் குனிந்து, மெஷினின் முதுகில் மிச்சமிருந்த மெழுகை நகத்தால் சுரண்டினேன். நிமிர்ந்தால் அழுதுவிடுவேன் போலிருந்தது.

இன்ஜினியர் ரிப்போர்ட்டில் "காற்று வழி அடைப்பு" என்று மட்டும் எழுதினார். நல்ல பிள்ளை. மெழுகை ஒரு காகிதத்தில் மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு, "இதைக் காட்டினா ஆபீஸ்ல யாரும் சிரிக்க மாட்டாங்க" என்றார். மெஷின் நன்றாகத்தான் இருக்கிறது, அதற்கு மூச்சுவிட இடம் மட்டும் விடுங்கள் என்றார். முதலாளி கூச்சத்தை எல்லாம் சத்தமாக மாற்றி, எல்லாருக்கும் நாஷ்டா வாங்கிவரச் சொன்னார்.

அந்த நேரத்தில்தான் நைனா வந்து நின்றார். காற்றில் குடை மறுபக்கம் மடங்கிப்போய், தலையிலிருந்து கால்வரை நனைந்திருந்தார். "முடிஞ்சிச்சா? இட்டுக்கினு போலாமுங்களா?" என்று முதலாளியைக் கேட்டார்.

"எங்க இட்டுக்கினு போற? மெஷின் இங்கதான் கீது, எங்கியும் போவல. அதுக்கு ஜுரம் வந்தா பாக்க உம் பொண்ண வுட்டா ஆளு கெடையாது" என்றார் முதலாளி.

நைனாவுக்கு ஒன்றும் புரியவில்லை. அவிழ்ந்த மப்ளரையும், திருப்பிவைத்த மெஷினையும், என் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். நின்ற இடம் மெஷினின் முதுகுக்கு நேரே. வெதுவெதுப்பான காற்று அவர் ஈரச் சட்டையில் பட்டது. முகம் மாறியது. "அட, இன்னா சொகமா கீது!" என்றார். தோளில் இருந்த ஈரத் துண்டை எடுத்துப் பிழிந்தார். உதறினார். மெஷினின் மேல் போடக் கையை ஓங்கினார்.

"ஐயையோ!" என்று நான், கணக்கர், இன்ஜினியர் எல்லாரும் ஒரே குரலில் கத்தினோம். எங்கள் எல்லாரையும் விடச் சத்தமாகக் கத்தியவர் முதலாளிதான்.

"வைக்காதய்யா! அந்தப் பொண்ண கேக்காம அதும்மேல ஒரு தூசு வைக்கக்கூடாது!"

நைனா துண்டைப் பிடித்தபடி அப்படியே நின்றார். தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. நெல்லுக்கு விலை கேட்க வந்தால் அவரை வாசலிலேயே நிற்கவைத்துப் பேசி அனுப்பும் மில் அது. அதன் முதலாளி, நடு ஆபீஸில், என்னைக் கேட்டு நடக்கச் சொல்கிறார் என்பது மெல்லத்தான் அவருக்கு உறைத்தது. சட்டையிலிருந்து கோழித்தீவனம்வரை எங்கள் வீட்டில் எல்லாம் அவர் சொன்னபடிதான். என்னிடம் எதையும் கேட்டுச் செய்து நான் பார்த்ததில்லை.

"பாப்பா," என்றார், புதுசாகப் பள்ளிக்கூடத்துக்கு வந்த பிள்ளையின் குரலில், "இத்த எங்க வைக்கட்டும்?"

சுவரில் இருந்த ஆணியைக் காட்டினேன். போய் மாட்டினார். மாட்டிவிட்டு, சரியாகத்தான் மாட்டியிருக்கிறோமா என்று என் முகத்தைத் திரும்பிப் பார்த்தார்.